சந்தா பாக்கி இல்லை

நான் பையனாக இருந்த காலத்தில் எங்கள் ஊரில் பாவங்களெல்லாம் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. சினிமா பாவம். சீட்டாட்டம் பாவம். பொங்கலன்று பக்கத்துத் தெரு ஆச்சி கொடுத்தனுப்பும் சர்க்கரைப் பொங்கலைத் தின்பது பாவம். அவள் மனம் நோகாமல் வாங்கிக்கொண்டு ஆட்டுக்கு வைத்துவிட வேண்டும். தலையில் பூ வைப்பது பாதிப் பாவம். கல்யாணத்துக்கு வைக்கலாம், ஓய்வுநாளில் கூடாது. தீபாவளிக்கு வெடி போட்டால் முழுப் பாவம். அதே வெடியை டிரங்குப் பெட்டியில் பத்திரப்படுத்தி வைத்திருந்து கிறிஸ்மஸுக்குப் போட்டால் ஆண்டவரின் பிறப்பைக் கொண்டாடியதாகக் கணக்கு. இரண்டுமே சிவகாசி வெடிதான்.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் காவல் எங்கள் குருவானவர். ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். ஐயரம்மா நீலம் போட்டு அலசிய வெள்ளை அங்கியைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, தேரி மணலில் சைக்கிளைப் பாதி மிதித்தும் பாதி தள்ளியும் வருவார். அவருடைய டைனமோ விளக்கு தெருமுனையில் தெரிந்தால் திண்ணையில் இருக்கிற சீட்டுக்கட்டு வைக்கோல் படப்புக்குள் போய்விடும். டாக்கீஸில் இடைவேளை விளக்கு எரிந்ததும் எங்கள் சபை வாலிபர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொள்வார்கள். எல்லாருமே துண்டு போட்டிருந்ததால் எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்தது.

ஒரே ஒரு படத்துக்கு விதிவிலக்கு உண்டு. இயேசுவின் கதையான 'கருணாமூர்த்தி' வந்தபோது ஐயரே தலைமை தாங்கி வேன் வைத்துக் கூட்டிப்போனார். பெண்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். மறுவாரம் அதே கொட்டகையில் வேறு படம் மாற்றினார்கள். பெஞ்சும் மூட்டைப்பூச்சியும் மாறவில்லை, ஆனால் அது மறுபடியும் பாவமாகிவிட்டது. என் அப்பா 'கருணாமூர்த்தி'க்குக்கூட வரவில்லை. சினிமா சினிமாதான் என்று சொல்லிவிட்டார். அவர் சபைக் கமிட்டியின் செயலர்.

எங்கள் பகுதி தாமிரபரணிக்குத் தெற்கே இருக்கிற செம்மண் பூமி. பனையும் கோபுரமும் மாறிமாறி வரும். ஞாயிறுபள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சரித்திரம் முழுக்கப் பெருமைதான். 1799இல் முதலூர் என்ற கிறிஸ்தவக் கிராமம் உண்டானது. இடையன்குடியில் கால்டுவெல் முப்பது வருஷத்துக்கு மேல் பாடுபட்டுக் கோயிலை எழுப்பி 1880இல் முடித்தார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சரானார். இந்த வருஷங்களை ஒப்பித்து வேத வினாடி வினாவில் ஒரு சோப்பு டப்பாவைப் பரிசாக வாங்கியிருக்கிறேன். அசரியா 1910இல் எடின்பரோ மாநாட்டில் வெள்ளைக்கார மிஷனரிகளின் முகத்துக்கு நேராகவே பேசினார்: நீங்கள் எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், ஆனால் எங்களை நண்பர்களாக நடத்தவில்லை என்கிற பொருளில். எங்கள் டீச்சர் இதைச் சொல்லும்போது கண் கலங்கினார். வெள்ளைக்காரன் நம்மோடு ஒரு மேசையில் உட்காரவில்லையே என்று எங்களுக்கும் தொண்டை அடைத்தது. வகுப்பு முடிந்ததும் நாங்கள் மேலத்தெருவுக்கும், தெற்குத்தெருப் பிள்ளைகள் தெற்குத்தெருவுக்கும் போனோம்.

வடக்கன்குளத்துக் கதையையும் அந்த டீச்சர்தான் சொன்னார். அங்கே கத்தோலிக்கர் 1872இல் கட்டிய கோயிலுக்கு, கால்சட்டையின் இரண்டு கால் மாதிரி இரண்டு பக்கம் உண்டு. வெள்ளாளர் ஒரு காலிலும் நாடார் முதலான மற்றவர்கள் மறு காலிலும் உட்கார, நடுவே சுவர். இரண்டும் சேருகிற இடத்தில் பீடம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுவரை இடித்தபோது வழக்கு கோர்ட்டு வரை போனது. டீச்சர் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். நாங்களும் சிரித்தோம். கத்தோலிக்கர்களுக்குப் புத்தி அவ்வளவுதான், நாம் சீர்திருத்தச் சபை. நமக்குச் சுவரே வேண்டியிருக்கவில்லை என்பது அந்தச் சிரிப்பில் அடிபட்டுப்போனது.

நற்கருணை ஞாயிறுகளில் பீடத்துக்கு முன்னால் மரக்கிராதியில் முழங்கால்படியிடுவோம். முதலில் பெரியவீட்டார். பிறகு வியாபாரிகள், வாத்தியார்மார். பிறகு எங்களைப் போன்றவர்கள். கடைசியில் தெற்குத்தெரு. இந்த வரிசையை யாரும் எங்கேயும் எழுதி ஒட்டியதில்லை. பாத்திரம் ஒன்றுதான், வெள்ளிப் பாத்திரம். ஐயர் ஒருவர் உதட்டில் வைத்து எடுப்பார், விளிம்பை வெள்ளைத் துணியால் துடைப்பார், பாத்திரத்தை ஒரு விரற்கடை திருப்புவார், அடுத்தவருக்குக் கொடுப்பார். துடைப்பதும் திருப்புவதும் சுத்தத்துக்காக என்றுதான் நினைத்திருந்தேன். தெற்குத்தெருவுக்குப் பிறகு யாரும் குடிப்பதில்லை. மிச்சத்தை ஐயர் குடித்து முடிப்பார். அந்த ஒரு விஷயத்தில் அவர் எங்கள் எல்லாரையும்விடக் கிறிஸ்தவராக இருந்தார், வேறு வழி இல்லாமல்.

பிறகு படிக்கப் போய்ப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் இந்தப் பாத்திரத்தின் வழக்கு எவ்வளவு பழையது என்று தெரிந்தது. கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன் 1833இலேயே தென்னாட்டு மிஷன்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்: சாதி வேற்றுமையை உடனடியாக, அடியோடு விட்டுவிட வேண்டும், உட்காருவதிலும் நற்கருணையிலும் வேறுபாடு கூடாது என்று. தஞ்சாவூரில் அது பெரிய கலகமாயிற்று. சாதி முறைப்படி உட்காருகிற வழக்கத்தில் கைவைக்கக்கூடாதென்று மிஷனரிகளோடு மல்லுக்கு நின்றவர்களில் முன்னால் நின்றவர் வேதநாயக சாஸ்திரியார். அவருடைய கீர்த்தனைகளைப் பாடாத ஞாயிறு எங்களுக்கு இல்லை. ராகம், தாளம், பல்லவி, சரணம் எல்லாம் மனப்பாடம். இந்தச் சண்டை மட்டும் ஞாயிறுபள்ளிப் பாடத்திட்டத்தில் இல்லை.

அத்தியட்சர் கடிதம் போட்டும் நடக்காததை 2020இல் ஒரு கிருமி நடத்திவைத்தது. கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கோயிலில் பொதுப் பாத்திரம் கிடையாது. இருமல் மருந்து ஊற்றும் மூடி அளவில் ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். தட்டில் அடுக்கி வருகிறது. எடுத்துக் குடித்துவிட்டுக் கூடையில் போட்டுவிடலாம். யாருக்குப் பின்னால் யார் குடிப்பது என்கிற பிரச்சினை, ஏறத்தாழ இருநூறு வருஷத்துக்குப் பின், யாரும் யாரோடும் குடிக்க வேண்டாம் என்று சுமுகமாகத் தீர்ந்துவிட்டது.

ஐயருக்கு வலக்கையாக இருந்தவர் உபதேசியார். மணி அடிப்பது, பாய் விரிப்பது, மனப்பாட வசனம் கேட்பது, சாவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பாடுவது எல்லாம் அவர்தான். என்னை முதன்முதலாக மேடையேற்றி வசனம் சொல்லவைத்ததும் அவர்தான். எங்கள் ஊரில் பால்காரர் முதல் போஸ்ட்மாஸ்டர் வரை எல்லாரையும் அண்ணாச்சி, மாமா, பெரியப்பா என்று முறை வைத்தே கூப்பிடுவோம். உபதேசியாரை மட்டும் சின்னப் பிள்ளைகளும் உபதேசியாரே என்றுதான் கூப்பிட்டோம். அதை மரியாதை என்று நான் வெகுநாள் நம்பினேன். அவர் தெற்குத்தெரு. எங்கள் வீட்டுக்கு வந்தால் திண்ணையோடு சரி. ஜெபம் பண்ணும்போதும் வாசல் நடையில் நின்றபடி வீட்டுக்குள்ளே ஆசீர்வாதத்தை அனுப்பிவைப்பார்.

அவருடைய மகள் ஆசிரியர் பயிற்சி முடித்தாள். சபைப் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம் காலியாயிற்று. அரசு உதவி பெறும் பள்ளியின் ஏற்பாடு தெரியாதவர்களுக்காக இரண்டு வரி: சம்பளம் கொடுப்பது அரசாங்கம், ஆளை நியமிப்பது நிர்வாகம். அதாவது வாழ்நாள் முழுக்க வரப்போகிற அரசாங்கச் சம்பளத்துக்கு வாசல் காக்கிற வேலை தாளாளருடையது. தென்மாவட்டங்களில் சபைத் தேர்தல் ஏன் சட்டசபைத் தேர்தலைவிடச் சூடாக நடக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வேதாகமத்தில் விடை தேடினால் கிடைக்காது. பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் கிடைக்கும்.

அந்த வருஷத்துக் கமிட்டித் தீர்மானப் புத்தகம் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் கிடந்தது. அப்பாவின் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். 'ஜெபத்துடன் கூட்டம் ஆரம்பமாயிற்று' என்று தொடங்கும். தகுதியுள்ள நபரை நியமிக்கத் தாளாளருக்கு ஏகமனதாக அதிகாரம் கொடுக்கப்பட்டது என்று நடுவே ஒரு வரி. அடுத்த வரியில் கட்டட நிதிக்கு நன்கொடை அளித்த குடும்பத்துக்கு நன்றி. 'ஐயர் ஆசீர்வாதம் கூறக் கூட்டம் முடிவடைந்தது.' நன்கொடை கொடுத்த குடும்பத்துப் பெண்ணுக்கு வேலை கிடைத்தது. உபதேசியார் மகள் அவளைவிட நல்ல மார்க்கு. மார்க்கைப் பற்றித் தீர்மானப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. அந்தக் கட்டட நிதியில் எழும்பிய கட்டடம் எது என்று நானும் பள்ளிக்கூடத்தைச் சுற்றிச்சுற்றிப் பார்த்திருக்கிறேன்.

அப்பா கை நீட்டிக் காசு வாங்கியவர் அல்ல. இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அடுத்தவர் பனையிலிருந்து விழுந்த நுங்கைக்கூட எடுக்கவிட மாட்டார். சினிமாவுக்குப் போனான் என்று என் அண்ணனைத் தென்னை மட்டையால் விளாசியவர். அந்தப் பக்கத்தின் அடியில் அவருடைய கையெழுத்துத்தான் இருக்கிறது, மை கொஞ்சமும் சிந்தாமல். எனக்குக் கோயில் விட்டுப்போனது அதைப் படித்த அன்றைக்குத்தான் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. அதற்குப் பிறகும் பல வருஷம் பாடகர் குழுவில் டெனர் பாடிக்கொண்டுதான் இருந்தேன். நல்ல குரல்.

உபதேசியார் மகள் கடைசிவரை ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் கிடைத்த சம்பளத்துக்கு வேலை பார்த்தாள். இட ஒதுக்கீட்டிலும் அவளுக்கு வழி அடைத்திருந்தது. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்பது இந்துக்களுக்கு மட்டும். பிறகு 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி கிடையாதே என்பது அதற்கு ஒரு வாதம். ஆக அவளுக்குச் சர்டிபிகேட்டில் பி.சி., தெருவில் பழைய பெயர். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே நிற்கிற சாதிச் சுவரை அந்த வாதம் செய்கிறவர்கள் யாராவது ஒருமுறை போய்ப் பார்த்தால் தேவலை. அங்கே இருப்பவர்களுக்கு இனிமேல் எந்தச் சலுகையும் தேவைப்படாது.

கல்யாண விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நிச்சயதார்த்தத்தில் தாம்பாளம் வெளிப்படையாக வரும். ரொக்கத்தை மாப்பிள்ளையின் மாமா எச்சில் தொட்டு எண்ணுவார். நகைக்கு எடை சொல்வார்கள். எண்ணி முடித்த பிறகு ஐயர் எழுந்து தாம்பாளத்தின் மேல் கையை நீட்டி ஜெபிப்பார். வரதட்சணைத் தடைச்சட்டம் 1961இல் வந்தது அவருக்குத் தெரியாமல் இருக்காது. சட்டம் இராயனுடையது, தாம்பாளம் தேவனுடையது என்று பிரித்துக்கொண்டாரோ என்னவோ. பிறகு மூன்று ஞாயிறு கோயிலில் அறிக்கை வாசிப்பார்: இவ்விருவரும் விவாகத்தில் இணையத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கலாம். தடை எதுவும் இருக்காது. அதைத்தான் எண்ணி வாங்கியாயிற்றே.

இன்றைக்கு யாரும் எதுவும் கேட்பதில்லை. "எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம், உங்க பிள்ளைக்கு நீங்க செய்யதச் செய்யுங்க" என்பார்கள். போன வீட்டில் என்ன செய்தார்கள் என்று பேச்சுவாக்கில் ஒரு தகவல் மட்டும் வரும். வரன் தேடும் பக்கங்கள் அதைவிட ருசி. அன்று கிறிஸ்தவ மணமகள் தேவை என்று சாதி, வேலை, நிறம் போட்டு முடித்துவிடுவார்கள். இப்போது இரட்சிக்கப்பட்ட, அபிஷேகம் பெற்ற, ஊழிய வாஞ்சையுள்ள, மறுபடியும் பிறந்த மணமகள் தேவைப்படுகிறாள். அடுத்த வார்த்தை சாதி. மறுபடியும் பிறந்தவர்கள் அத்தனை பேரும் எப்படியோ பழைய சாதியிலேயே கவனமாகப் பிறந்திருக்கிறார்கள்.

பழைய பாவங்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டால், பெரும்பாலும் மன்னிக்கப்பட்டுவிட்டன. சினிமாக் கொட்டகைக்குப் போக வேண்டாம். பீடத்துக்குப் பக்கத்திலேயே எல்.இ.டி. திரை இருக்கிறது. குத்துப்பாட்டு மெட்டில் துதிப்பாடல், ஸ்மோக் மெஷின், டிரோன். ஐயரம்மா தலையில் மல்லிகை. இதிலெல்லாம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அந்த மட்டையடி வாங்கிய அண்ணனுக்காகக் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. ஐயர் இன்னோவாவில் வருகிறார். அன்று அவரைக் கண்டு சபை நடுங்கியது. இன்று கமிட்டியைக் கண்டு அவர் நடுங்குகிறார். யார் அணி ஜெயித்தால் எந்தத் தேரிக்காட்டுக்கு மாற்றல் என்கிற கவலையில் பிரசங்கத்தில் பெயர்ச்சொல்லே வருவதில்லை. பாவம் என்கிறார், யார் செய்த பாவம் என்று சொல்வதில்லை.

மாறாமல் இருப்பது அறுப்பின் பண்டிகை. சின்ன வயதில் அவரவர் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து படைப்பார்கள். பூசணி, முருங்கைக்கட்டு, கருப்பட்டி, கால் கட்டின சேவல். என் பாட்டி தினமும் உலை வைக்கும்போது எடுத்துவைத்த பிடி அரிசி. மத்தியானம் ஏலம். சென்ற வருஷம் ஊருக்குப் போனபோது எட்டிப்பார்த்தேன். ஒரு எலுமிச்சம்பழம் ஏலத்துக்கு வந்தது.

"ஆயிரம்" என்றார் மேலத்தெரு அணிக்காரர்.

"அஞ்சாயிரம்" என்றார் கிழக்குத்தெரு அணிக்காரர். யூடியூபில் நேரலை ஓடிக்கொண்டிருந்தது. கேமராக்காரப் பையன் பழத்தைக் காட்டுவதா ஆளைக் காட்டுவதா என்று திணறினான்.

"பத்து."

"பதினஞ்சு."

"அண்ணாச்சி கையில கர்த்தர் இன்னும் நெறைய வச்சிருக்காரு, யோசிக்காதிய" என்றார் மைக் பிடித்தவர். இருபத்தைந்தில் ஏலம் முடிந்தது. வாங்கியவர் பழத்தை எடுத்துப் போகவில்லை. சபைக்கே திருப்பிக் கொடுத்தார். உடனே அதை மறுபடியும் ஏலம் விட்டார்கள். கடைசியில் பழம் யார் வீட்டுக்குப் போனது என்று தெரியவில்லை. அடுத்த மாதம் தேர்தல்.

எனக்குப் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலியில் உபதேசியார் மகள் உட்கார்ந்திருந்தாள். ஓய்வு பெற்றுவிட்டாள், முடி முழுக்க நரை. ஞாயிறு தவறாமல் வருகிறவள்.

"எப்படிக்கா இதையெல்லாம் பாத்துக்கிட்டு வாரிய?" என்று கேட்டேன். சின்ன வயதில் நான் அவளை அக்கா என்று கூப்பிட்டதில்லை.

"எங்க அப்பா மணி அடிச்ச கோயில் தம்பி. இவங்க வாராங்கன்னு நான் ஏன் வராம இருக்கணும்? நீ வராததுனால இவங்களுக்கு என்ன நட்டம்? ஒனக்குள்ள நாற்காலி காலியா இருக்கும், அதுல பைய வைக்கேன், அவ்வளவுதான்" என்றாள். பிறகு கையிலிருந்த முருங்கைக்கட்டைக் காட்டி, "முப்பது ரூவாய்க்கி எடுத்தேன். போட்டிக்கு ஆளில்லை" என்று சிரித்தாள்.

நான் ஆராதனைக்குப் போவதை விட்டு வெகுகாலம் ஆகிறது. சங்கக் காணிக்கை என்று வருஷா வருஷம் கட்டுகிற சந்தாவையும் அத்தோடு விட்டுவிட்டேன். சந்தா பாக்கி இருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்காது. அதனால் பெயர் எப்போதோ போயிருக்கும் என்று நிம்மதியாக இருந்தேன். சென்னைக்குத் திரும்பிய வாரத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு ரசீது வந்தது. என் பெயரில் நிலுவை முழுக்கக் கட்டியாகியிருந்தது, மனைவிக்கும் சேர்த்து. மறுநாள் இன்னொரு எண்ணிலிருந்து இன்னொரு ரசீது, அதே நிலுவைக்கு. இரண்டு அணியும் என்னை மீட்டுக்கொண்டதில் ஊரிலேயே அதிக விசுவாசமுள்ள அங்கத்தினன் நானாகிவிட்டேன் போலிருக்கிறது. பாட்டியும் அந்தப் பட்டியலில் இருப்பாள் என்று எனக்கு ஒரு சந்தேகம். அவள் காலமாகிப் பல வருஷம் ஆகிறது.

தேர்தலுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது.

"அண்ணாச்சி, நாளைக்கி ஓட்டுக்கு வந்துருவியள்லா? ரயிலுல டிக்கெட் போட்டாச்சி. காலைல தின்னவேலி ஸ்டேசன்ல வண்டி நிக்கும்."

ஒரு மரியாதைக்காக ஆராதனை எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"ஆராதனையா?" அந்தப் பக்கம் யாரிடமோ விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தார். "அது எட்டரைக்கெல்லாம் முடிஞ்சிரும் அண்ணாச்சி. ஓட்டு பத்து மணிக்கிதான். நீங்க மெதுவா குளிச்சிட்டு, பிரியாணிய முடிச்சிட்டு வாங்க."